ஹனாக் வீட்டுப் பீர்க்குழாயும் பொதுச்சபையும்

லுபோர் ஹனாக் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டில், தன் நாற்காலியில், தன் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, யாரும் பேசாமல் ஒரு குவளை பீர் குடிக்க வேண்டும். பீருக்குப் பேர்போன பில்சன் நகரத்தில் பிறந்தவன் இதைக் கேட்பது, மீன் கொஞ்சம் தண்ணீர் கேட்பதைப் போலத்தான். ஆனால் மீனுக்குக் குடியிருப்போர் சங்கம் கிடையாது.

லுபோர் வாழ்நாள் முழுவதும் டிராம் ஓட்டியவர். முதுகுக்குப் பின்னால் ஊரே பேசிக்கொண்டிருக்க, முன்னால் பார்த்தபடி சம்பாதித்தவர். ஓய்வுபெற்றபின் தெருமுனைப் பீர்க்கடையில் போய்க் குடித்தார். அங்கேயும் பேசினார்கள். கால்பந்து, மூத்திரப்பை, மருமகள்கள். பிறகு அந்தக் கடையையும் மூடி, அதே இடத்தில் நகத்துக்குப் பூ வரைகிற கடை ஒன்று வந்துவிட்டது. பாட்டில் பீர் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். பாட்டில் பீர் குடிப்பது தொலைபேசியில் முத்தம் வாங்குவதைப் போல. சத்தம் வரும், வேறொன்றும் வராது.

ஆகவே கடையை மூடியவரிடமிருந்தே எல்லாவற்றையும் வாங்கிவந்தார்: பித்தளைக் குழாய், குளிரூட்டும் பெட்டி, காற்றழுத்தி, ரப்பர்க் குழல்கள். பெட்டி சமையலறைத் தொட்டிக்கடியில் போனது. பித்தளைக் குழாயை மேசை விளிம்பில் திருகினார். சொட்டுகிற பீரைப் பிடிக்கும் தட்டிலிருந்து ஒரு மெல்லிய குழலைத் தொட்டியின் கழிவுநீர்க் குழாயோடு இணைத்தார். குழல்களை மூன்று தடவை கழுவி, மோந்து பார்த்து, நான்காவது தடவையும் கழுவினார். லிஃப்டில் வந்த பீப்பாயை, பிரசவித்த பெண்ணைப் போல, ஒரு முழு நாள் ஆடாமல் அசையாமல் ஓய்வெடுக்க விட்டார்.

"நம்ம பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு ஓடல" என்றாள் மனைவி ஸ்தென்கா.

"கல்யாணத்துல நுரை நிக்கலைன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

குவளையைக் குளிர்ந்த நீரில் அலசினார். சாய்த்துப் பிடித்தார். குழாயை ஒரே திருகாக முழுவதும் திறந்தார். முதலில் நுரை, அதற்கடியில் பொன்னிறம். ஸ்தென்கா ஒரு மடக்கு குடித்துவிட்டு, மேலுதட்டு நுரையைத் துடைக்காமலே குறுக்கெழுத்துப் புதிரைத் திறந்தாள். லுபோர் தன் நாற்காலியில் சாய்ந்தார். யாரும் பேசவில்லை.

அந்த ஒரு வெள்ளிக்கிழமை அப்படி நடந்தது.

கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய எட்டு மாடிக் குடியிருப்பில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. மூன்றாம் மாடியில் கரண்டி விழுந்தால் ஏழாம் மாடியில் குனிந்து தேடுவார்கள். காற்றழுத்தி ஒரு மணிநேரம் ஓடியதில், கட்டடம் முழுவதும் அந்த முனகலைக் கேட்டு, அது என்னவென்று கண்டுபிடித்து, தாகமும் எடுத்துவிட்டது.

திங்கட்கிழமை மணி அடித்தது. வாசலில் சங்கத் தலைவர் இஞ்சினியர் மராச்செக். பக்கத்தில் செயலாளர் திருமதி யெலின்கோவா. மராச்செக் எந்தத் துறையில் இஞ்சினியர் என்று யாருக்கும் தெரியாது. பட்டத்தைச் சேர்த்துக் கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். இருவரும் காலணிகளைக் கழற்றி, வீட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு, சமையலறைக்குள் ஊர்வலமாக வந்தார்கள்.

"ஹனாக் அவர்களே, முதல்லயே சொல்லிடறேன். நான் பீருக்கு எதிரி இல்ல. ஒழுங்குக்கு நண்பன்" என்றார் மராச்செக். குனிந்து தொட்டிக்கடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. "இந்தத் தட்டோட குழல் எதுல சேருது?"

"கழிவுநீர்க் குழாயில."

"அது எங்க போகுது?"

"சுவத்துல இருக்கிற பெரிய குழாய்க்கு."

"அந்தப் பெரிய குழாய் யாரோடது?"

லுபோர் யோசித்தார். தன்னுடையதல்ல என்று மட்டும் தோன்றியது.

"பொதுச்சொத்து. பொதுச்சொத்தோட நிரந்தரமா இணைஞ்சிருக்கிற பொருளும் பொதுச்சொத்தோட ஒரு பகுதி. லிஃப்ட் மாதிரி. கூரை மாதிரி."

"அப்போ என் குளியல்தொட்டியும் பொதுச்சொத்தா?" என்று கேட்டாள் ஸ்தென்கா.

"அத இதுவரைக்கும் யாரும் எங்க கவனத்துக்குக் கொண்டுவரல அம்மா. நீங்களே கொண்டுவராம இருக்கிறது நல்லது."

திருமதி யெலின்கோவா அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பொருளைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். பொருளைப் பரிசோதிக்க அடுத்த பீப்பாயைத் திறந்து குடிக்க வேண்டியிருந்தது. ஒரு குவளையில் முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டாவது முதலாவதற்கு முரணாக இருந்தது. மூன்றாவது குவளையில் தலைவருக்கு மனம் திறந்துவிட்டது.

"ஹனாக், உங்ககிட்ட சொல்றேன். எத்தனையோ வருஷமா நான் தலைவர். ஒரு தடவகூடப் பொதுச்சபைக்குப் பாதி ஆள் சேர்ந்ததில்ல. பாதிக்கு மேல வந்தாத்தான் தீர்மானம் செல்லும். அதனால இதுவரைக்கும் நான் ஒரு தீர்மானமும் போட்டதில்ல. ஒரு தவறான முடிவும் எடுத்ததில்லன்னு அர்த்தம். இந்த நகரத்துல எத்தனை தலைவர் இப்படிச் சொல்ல முடியும்?"

அவர் கண்கள் கலங்கியிருந்தன. பீரின் ஆபத்துகளைப் பற்றி விவாதிக்க அவசரப் பொதுச்சபை கூட்டப்படும் என்று அறிவித்தார். ஆபத்து இருக்கும் இடத்திலேயே கூட்ட வேண்டும் என்பது விதியாம். வெள்ளிக்கிழமை, ஹனாக் வீட்டில்.

வெள்ளிக்கிழமை கட்டடமே வந்தது. மருத்துவமனையிலிருந்து அன்று காலைதான் வீடு திரும்பிய நாலாம் மாடிக்காரர் வந்தார். சங்கத்தை நீதிமன்றத்துக்கு இழுப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் வந்து கதவருகே இடம் பிடித்தார். சமையலறையில், வரவேற்பறையில், கட்டில்மேல், குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் மாடி த்வர்டீக், மூடிய கடையில் லுபோருக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து அவரைப் பேசியே கொன்றவர், வினிகரில் ஊறிய சாசேஜ் ஒரு ஜாடி நிறையக் கொண்டுவந்தார்.

"லுபோர், நீ இங்கதான் இருக்கியா? நான் உன்ன ஊர் முழுக்கத் தேடிட்டிருந்தேன்" என்றார்.

லுபோரின் நாற்காலியில் மராச்செக் உட்கார்ந்திருந்தார். திருமதி யெலின்கோவா தலைகளை எண்ணினார். இரண்டாவது தடவை எண்ணினார். பிறகு மூன்றாவது தடவையும் எண்ணிவிட்டு, "எண்ணிக்கை சேர்ந்திருக்கு தலைவரே" என்றார்.

மராச்செக் எழுந்து நின்றார்.  பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. கூரை, மிதிவண்டி அறை, மாடிப்படிக்கு என்ன வண்ணம், யாருடைய நாய் என்று இத்தனை காலம் தேங்கிக்கிடந்த விவாதப் பொருள்கள் எல்லாம் வரிசையில் நின்றன. முதல் பொருளாக, சட்டப்படி எண்ணிக்கை சேர்கிற ஒரே இடம் இதுவே என்பதால் ஹனாக் வீடு பொதுச்சபையின் நிரந்தர இடம் என்றும், வெள்ளிதோறும் கூடும் என்றும் தீர்மானம் நிறைவேறியது. இரண்டாவது பொருள், மாடிநடையில் காலணி வைப்பதைத் தடைசெய்வது. வந்தவர்கள் எல்லாரும் கழற்றிப்போட்ட காலணிகள் அந்த நிமிடம் ஹனாக் வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் கிடந்தன. தடை ஏகமனதாக நிறைவேறியது. தன் வாசலில் இவ்வளவு காலணிகளை அனுமதித்ததற்காக லுபோருக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது.

"அதுல ஒண்ணுகூட என்னோடது இல்லியே" என்றார் லுபோர்.

"அதுதான் விஷயமே. உங்களோடதா இருந்தா ஒரு ஜோடிதான் இருந்திருக்கும்" என்றார் தலைவர்.

அடுத்த வாரம் வாக்கெடுப்பில் ஒரு சிக்கல் வந்தது. எல்லார் கையிலும் குவளை. கையைத் தூக்கினால் சிந்தும். மராச்செக் இரவெல்லாம் யோசித்து ஒரு முறை கொண்டுவந்தார். நம் ஊர்க் கடைகளில் காலங்காலமாக இருக்கிற வழக்கந்தான். குவளை காலியானால் கேட்காமலே அடுத்தது வந்து நிற்கும். போதும் என்றால் குவளைக்குக் கீழே இருக்கிற அட்டையை எடுத்து மேலே மூட வேண்டும். இதையே சட்டமாக்கினார். ஆதரவு என்றால் நிறைகுவளை. நடுநிலை என்றால் அரைக்குவளை, மீதி நுரை. எதிர்ப்பு என்றால் குவளைமேல் அட்டை. அதன்பின் அந்தக் கூட்டம் முடியும்வரை அட்டையை எடுக்கவும் கூடாது, அவருக்கு ஊற்றவும் கூடாது.

அந்த நாளிலிருந்து பொதுச்சபையில் எதையும் யாரும் எதிர்க்கவில்லை. மாடிப்படிக்கு ஊதா வண்ணம் ஏகமனதாக நிறைவேறியது. மறுவாரம் ஊதா கூடாது என்பதும் ஏகமனதாக நிறைவேறியது.

"ஜனநாயகம் முதிர்ச்சியடைஞ்சிருக்கு" என்றார் மராச்செக். "முன்ன எல்லாம் ஆளுக்கொரு கருத்து. இப்போ பாருங்க."

லுபோருக்கு வாக்கு இல்லை. ஊற்றுகிறவர் கையில் குவளை இருக்காது. குவளை இல்லாதவருக்கு வாக்கில்லை. ஸ்தென்காவுக்கும் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு வாக்குதான். அந்த ஒன்று குழாயடியில் நின்றுகொண்டிருந்தது.

"அப்போ என் குழாயைப் பத்தி முடிவெடுக்க எல்லாருக்கும் உரிமை இருக்கு, எனக்குத்தான் இல்ல" என்றார் லுபோர்.

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்க பாரபட்சமில்லாதவர்னு சொல்லுங்க. எனக்கே பொறாமையா இருக்கு" என்றார் தலைவர்.

ஒரு வெள்ளி பீப்பாய் வாங்காமல் இருந்து பார்த்தார். எல்லாரும் வந்தார்கள். குழாயைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள். மராச்செக் மட்டும் நாற்காலியில் இருந்தார்.

"எண்ணிக்கை சேரல. கூட்டம் செல்லாது" என்றார்.

"நல்லதாப் போச்சு. அப்படியே இந்த இடத்தையும் ரத்து பண்ணிடுங்க."

"ரத்து பண்ண ஒரு தீர்மானம் வேணும். தீர்மானத்துக்கு எண்ணிக்கை வேணும். எண்ணிக்கைக்கு…" அவர் கண்கள் பித்தளைக் குழாய்மேல் கனிவாக நின்றன. "உங்கள இங்க யாரும் கட்டிவைக்கல ஹனாக். பீர் ஊத்தி எல்லாரையும் கூட்டி, பீர் வேண்டாம்னு அவங்களையே சொல்ல வைங்க. கதவு திறந்துதான் இருக்கு."

அடுத்து, மோசமாக ஊற்றிப் பார்த்தார். இது அவருக்கு எளிதாக இல்லை. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு குழாயைப் பாதி மட்டும் திறந்து, குவளை முழுக்க வெறும் நுரையாக நிரப்பி த்வர்டீக்கிடம் நீட்டினார்.  த்வர்டீக் குவளையைப் பார்த்தார். லுபோரைப் பார்த்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பால்னு பேரு இதுக்கு. எங்கப்பா சாப்பாட்டுக்கப்புறம் இதத்தான் குடிப்பாரு. இந்தக் காலத்துல யாரு இப்படி ஊத்தறா? லுபோர், நீ கலைஞன்யா."

ஆளாளுக்குப் பால் கேட்டார்கள். அன்றைக்கே ஒரு தீர்மானம் போட்டு, வராதவர் சார்பில் வாக்களிப்பவருக்குப் பால் என்று வகுத்தார்கள். மறுவாரம் பலர் வராதவர் சார்பிலும் வந்திருந்தார்கள்.

"நீ ஏன் சரியாவே மோசம் பண்ண மாட்டேங்கற?" என்றாள் ஸ்தென்கா, ரொட்டிமேல் பன்றிக்கொழுப்பு தடவியபடி. அந்த வேலையும் எப்போதோ அவள்மேல் தீர்மானமாகியிருந்தது.

"மோசமாத்தான் பண்ணினேன். நம்ம ஊர்ல அதுக்கும் ஒரு பேரு வெச்சிருக்காங்க."

கடைசியில் ஊரைவிட்டே ஓடிப் பார்த்தார்கள். ஆற்றோரத்தில் ஸ்தென்காவின் தங்கைக்கு ஒரு மரவீடு இருந்தது. மராச்செக் தடுக்கவில்லை. போய் வாங்க, சாவி மட்டும் கொடுத்துட்டுப் போங்க என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆற்றோரத்தில் தவளைச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. லுபோர் கால் நீட்டினார். அப்போது த்வர்டீக் ஒரு படம் அனுப்பினார்: எல்லாரும் குவளையோடு சிரிக்கிறார்கள். லுபோர் படத்தைப் பெரிதாக்கினார்.

"நுரை எங்க?" என்றார்.

"என்ன?"

"நுரையே இல்ல. உட்கார்ந்துபோச்சு. பாத்திரம் கழுவற சோப்புல குவளையக் கழுவியிருக்காங்க ஸ்தென்கா. எலுமிச்சை சோப்புல."

"கழுவிட்டுப் போகட்டும். நாம இங்க இருக்கோம்."

லுபோர் இருந்தார். கொஞ்சநேரம் ஆற்றைப் பார்த்தார். ஆற்றின்மேல் நுரை மிதந்தது. எழுந்து செருப்பு மாட்டினார். ஸ்தென்கா கார்ச் சாவியை எடுத்து மேசைமேல் வீசினாள். கடைசிப் பொருளுக்கு முன்பே அவர்கள் வீடு சேர்ந்துவிட்டார்கள். பொதுச்சபை எழுந்து நின்று கைதட்டியது. லுபோர் யாரையும் பார்க்காமல் குவளைகளைக் குளிர்ந்த நீரில் அலசத் தொடங்கினார்.

அன்று இரவு ஸ்தென்கா தலையணையை எடுத்துக்கொண்டாள்.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அடுத்த வெள்ளிக்கும் இது நடந்துதுன்னா, திரும்பி வர மாட்டேன். எனக்குக் கோபம் இல்ல லுபோர். எனக்கு இடம் இல்ல. என் கட்டில்ல நாலு பேரு உட்கார்ந்து மிதிவண்டி அறையைப் பத்திப் பேசறாங்க."

"வெள்ளிக்கிழமை வந்து நில்லு. முடிச்சுக் காட்டறேன்."

அந்த வாரம் முழுவதும் லுபோர் யோசித்தார். டிராம் ஓட்டுகிறவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நேரே போக வழியில்லை என்றால், முன்னாலேயே தண்டவாளத்தை மாற்றிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை. புதுப் பீப்பாய். ஸ்தென்கா கோட்டைக் கழற்றாமல் கதவருகே நின்றாள். முதல் சுற்று அப்போதுதான் முடிந்திருந்தது. எல்லார் குவளைகளும் நிறைந்திருந்தன.

"தலைவரே, ஒரு சின்னப் பொருள். ஊத்தறவருக்கு வாக்கு இல்லாட்டியும் பொருள் கொண்டுவர உரிமை உண்டுதானே?"

"உண்டு. நாம என்ன சர்வாதிகாரமா நடத்தறோம்?"

"கூட்டம் முடிஞ்சதும் குவளை கழுவற வேலைய, இனிமே வாரம் ஒரு வீடுன்னு முறை வெச்சு எல்லாரும் செய்யணும்."

எல்லாரும் தங்கள் குவளையைப் பார்த்தார்கள். பிறகு ஒரு மெல்லிய சத்தம். குவளைமேல் அட்டை வைக்கிற சத்தம். அதைத் தொடர்ந்து இன்னொன்று. வரவேற்பறையில், கட்டில்மேல், குளியலறையில் எல்லாம் டப், டப் என்று அட்டைகள் விழுந்தன. த்வர்டீக் இரண்டு அட்டை வைத்தார், ஒன்று வராதவர் சார்பில். மராச்செக்கே தன் குவளையை மூடினார்.

"ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது" என்றார் செயலாளர். நிராகரிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தி நாளாகியிருந்தது. உச்சரிப்பு கொஞ்சம் தடுமாறியது.

"நன்றி. அடுத்த பொருள்" என்றார் லுபோர் அதே மூச்சில். "இந்தக் குழாய் பொதுச்சொத்தாவும் இந்த வீடு சபை கூடற இடமாவும் தொடரணுமா? குவளைகளைப் பாத்து எண்ணிக்குங்க."

திருமதி யெலின்கோவா பார்த்தார். எல்லாக் குவளைமேலும் அட்டை. எண்ணினார். எல்லாம் எதிர்ப்பு.

த்வர்டீக் பதறிப்போய்த் தன் அட்டையை எடுக்கக் கைநீட்டினார். "கையை எடுங்க" என்றார் மராச்செக். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரலில் ஒரு பெருமை இருந்தது. "விதிய நான் எழுதினேன். விதி என்னையே கடிச்சாலும் அது என் விதி. அட்டை வெச்சவர் கூட்டம் முடியற வரைக்கும் எடுக்கக்கூடாது. ஹனாக் அவர்களே, தீர்மானம் தோற்றது. குழாய் உங்களோடது. வீடு உங்களோடது. கூட்டம் முடிஞ்ச நிமிஷத்துல இருந்து."

ஸ்தென்கா கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினாள்.

"அப்போ கூட்டத்த முடிச்சிடுங்க" என்றார் லுபோர்.

"முடிச்சிடலாம்." மராச்செக் எழுந்தார். பாதியில் நின்றார். பீப்பாயைப் பார்த்தார். "இது சபைக்காகத் திறந்தது."

"ஆமா."

"ஒரு சுற்றுதான் போயிருக்கு. கிட்டத்தட்ட முழுசா இருக்கு. நாளைக்கு வெச்சா?"

"காத்து ஏறிடும். புளிச்சுப்போகும்" என்றார் லுபோர். கேட்டதால் சொன்னார். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"சிங்க்ல ஊத்திடலாமே" என்றார் இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த இளைஞர். தெற்கே ஒயின் குடிக்கிற திராட்சைத் தோட்ட ஊர்க்காரர், வளர்ப்பு அப்படி.

நாலாம் மாடிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் லுபோரைப் பார்த்தார்கள். ஸ்தென்காவும் பார்த்தாள். ஊத்திடலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிடமே எல்லாம் முடிந்துவிடும் என்று அவள் கண்கள் கூறின. லுபோருக்கும் அது தெரிந்தது. வாயைத் திறந்தார்.

"அது முடியாதுங்க" என்றார்.

"நான் உங்ககிட்ட எதிர்பார்த்ததும் அதுதான்" என்றார் மராச்செக், மரியாதையோடு. "ஆக, திறந்த பீப்பாய் தீராம கூட்டம் தீராது. அட்டை வெச்சவங்க குடிக்க முடியாது. கலைஞ்சுபோனா எண்ணிக்கை குறையும், தீர்மானம் செல்லாது; அதனால யாரும் எழுந்து போகவும் முடியாது. அட்டை இல்லாதவங்க இந்த வீட்டுல ரெண்டு பேருதான்."

அவர் விலகி நின்று, நாற்காலியின் இருக்கையைக் கைக்குட்டையால் தட்டிவிட்டார்.

"உட்காருங்க ஹனாக். உங்க நாற்காலிதானே."

யாரோ ஸ்தென்காவின் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினார்கள். யாரோ எதிரே ஓர் இருக்கையைக் காலிசெய்தார்கள். லுபோர் இரண்டு குவளைகளை அலசி, சாய்த்து, நிறைத்து, மேசைமேல் வைத்தார். அதைவிட அழகாக அவர் வாழ்நாளில் ஊற்றியதில்லை. பின்வரிசையில் ஒருவர் விசும்பினார்.

"பொருள்கள் முடிஞ்சாச்சு. பொருளில்லாம சபையில யாரும் பேசக்கூடாது" என்றார் திருமதி யெலின்கோவா.

யாரும் பேசவில்லை. கால்பந்து இல்லை, கூரை இல்லை, நாய் இல்லை. காற்றழுத்திகூட ஓய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், தன் வீட்டில், தன் நாற்காலியில், மனைவிக்கு எதிரே லுபோர் ஹனாக் உட்கார்ந்திருந்தார். ஸ்தென்கா அவரை நீண்டநேரம் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காதபடி, அதாவது எல்லாருக்கும் கேட்கும்படி, சொன்னாள்:

"இதத்தானே கேட்ட. குடி."

லுபோர் குவளையை உதட்டுக்குக் கொண்டுபோனார். அறை முழுவதும் தொண்டைகள் ஒன்றாக விழுங்கின.